கொசுறாகப் போட்ட வேர்

கோடையின் உச்ச வெயில் தொடங்கும் முதல் போக் நாளன்று தேகு நகரத்து மூலிகைச் சந்தையில் ஒருவருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. அன்றைக்கு மருந்து வேர் போட்டு அவித்த கோழிச் சாறு உள்ளே இறங்காவிட்டால் உடம்பு அந்த வெயிலைத் தாங்காது என்று ஊர் முழுக்க நம்புகிறது. நம்பட்டும், நல்லதுதான். அந்த நம்பிக்கையில்தான் உன்சிலின் கடை இருபத்தேழு வருஷமாக ஓடுகிறது. தங்வி வேர், பட்டை, காய்ந்த இலந்தை எல்லாவற்றையும் ஒரு கோழிக்கு ஒரு பை என்று கட்டி, கடைக்கு வெளியே மேசையில் குவித்துவைத்து, கழுத்தில் ஈரத்துண்டோடு அவள் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் கடையில் கூட்டம் அதிகம் என்றால் அதற்குக் காரணம் வேரின் தரம் இல்லை. சந்தையில் எல்லோரும் அதே மலைக்காரர்களிடம்தான் வாங்குகிறார்கள். காரணம் அவள் கை. பையைக் கட்டிக் கொடுத்து, காசை வாங்கி, ஆள் திரும்பப்போகும் நேரத்தில் "இருங்க, இருங்க" என்று ஒரு பிடி வேரை அள்ளிப் பைக்குள் போட்டுவிடுவாள். கொசுறு. அந்த நாட்டுச் சந்தைகளில் கொசுறு இல்லாமல் வியாபாரமே கிடையாது. ஆனால் மற்றவர்கள் இரண்டு துண்டைக் கிள்ளிப் போடுவார்கள். உன்சில் எண்ணாமல் போடுவாள். எண்ணிப் போடுவதற்குப் பெயர் கொசுறா என்று கேட்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பத்தரை மணிக்கு ஒரு சுற்றுலாக் கூட்டம் தெருவுக்குள் நுழைந்தது. முங்யோங் பக்கத்து மகளிர் சங்கம். நாற்பது பெண்கள், நாற்பது தலையிலும் ஒரே ஊதாத் தொப்பி. முன்னால் இடுப்பில் ஒலிபெருக்கி கட்டிய வழிகாட்டி. பழைய சந்துகளைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் தினமும் நாலைந்து கூட்டத்தை அந்த வழியே ஓட்டிக்கொண்டு போவார்கள். முதலில் மூலிகைக் காட்சிக்கூடம், பிறகு மாதா கோயில், பிறகு தொண்ணூறு படி, குன்றின் மேல் பாதிரிமார் கட்டிய வீடுகள், கடைசியில் சோமுன் சந்தையில் சாப்பாடு. அங்கே பேருந்து நிற்கும்.

கூட்டம் காட்சிக்கூடத்துக்குள் போவதற்கு முன் ஒருத்தி மட்டும் உன்சிலின் மேசையருகே நின்றாள். தோளில் ரோஜா நிறத் துணிப்பை.

"ஒரு கோழிக்கா அக்கா, ரெண்டு கோழிக்கா?"

"ஒண்ணு போதும். மக வந்திருக்கா. ஏழு மாசம். சோத்தக் கண்டாலே ஓடுறா. சாறாவது இறங்குதான்னு பாக்கணும்."

"ஏழு மாசமா? அப்ப ரெண்டு உசுருக்குல்ல சாறு! இருங்க, இருங்க."

உன்சில் பின்னால் கைவிட்டு ஒரு பிடி அள்ளினாள். அந்தப் பெண் "ஐயோ, போதும் போதும்" என்று சொல்லிக்கொண்டே பையின் வாயை நன்றாக அகட்டிப் பிடித்தாள். இருவரும் சிரித்தார்கள். அவள் ஓடிப்போய்த் தன் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள்.

பதினொன்றரை மணிக்கு உன்சிலின் புருஷன் கிதே கடைக்குள்ளிருந்து கூப்பிட்டான். கிதே வாய் திறப்பது அபூர்வம். கல்யாணமான நாளிலிருந்து அவன் பேசியதையெல்லாம் எழுதினால் ஒரு தபால் அட்டைக்கு மேல் வராது. தேகு ஆண்பிள்ளைகள் பலரும் அப்படித்தான். அதைப் பெருமை என்று வேறு நினைத்துக்கொள்வார்கள். அவன் கூப்பிட்ட குரலைக் கேட்டதும் உன்சில் மேசையை விட்டு உள்ளே ஓடினாள்.

"இதுல யாரு கை வெச்சது?"

அவன் கையில் ஒரு மூங்கில் தட்டு. அதில் வில்லை வில்லையாக நறுக்கிக் காயவைத்த கிழங்கு. நடுவில் ஒரு கை அள்ளிய பள்ளம்.

"தங்வி வேர்தானே? கொசுறு போட்டேன்."

"இது நாபி."

நாபிக் கிழங்கு அவர்கள் கடையில் பூட்டிய அலமாரிக்குள்தான் எப்போதும் இருக்கும். வைத்தியர் சீட்டு இல்லாமல் வெளியே வராது. நஞ்சு முறியச் சுத்தி செய்து, பல மணி நேரம் அவித்து, வைத்தியர் அளந்து கொடுத்தால் மூட்டுவலிக்கு மருந்து. சும்மா அள்ளிப் போட்டால் ஆளைக் கொண்டுபோய்விடும். அன்று காலை ஒரு வைத்தியர் கேட்டிருந்தார் என்று கிதே அதை வெளியே எடுத்துத் தராசில் நிறுத்திருக்கிறான். இடையில் வாசலில் மூட்டை வந்து இறங்கவும், தட்டை உன்சில் நிற்கும் இடத்துக்குப் பின்னாலிருந்த பலகையில் வைத்துவிட்டு ஓடியிருக்கிறான். அந்தப் பலகையில் இருபத்தேழு வருஷமாகத் தங்விக் கூடைதான் இருந்தது. பத்து மணிக்குத்தான் உன்சில் அதை எடுத்து முன் மேசைக்குக் கொண்டுவந்திருந்தாள், சுற்றுலாக்காரர்கள் கண்ணில் படட்டும் என்று. மற்றவர்களுக்கெல்லாம் முன் கூடையிலிருந்தே போட்டாள். ஒரே ஒரு தடவை, அந்தப் பெண்ணுக்கு மட்டும், பழைய பழக்கத்தில் கை பின்னால் போயிருக்கிறது.

தங்வியும் வெள்ளை வில்லை, ஓரம் கறுப்பு, நாபியும் அப்படித்தான். வாசனையில் கண்டுபிடித்திருக்கலாம். விடியற்காலையிலிருந்து தங்வி மூட்டையாகப் பிரித்த மூக்குக்கு எதிலும் தங்வி வாசனைதான் அடித்தது.

  ஏழு மாசம் என்று அந்தப் பெண் சொன்னது காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது.

"போலீசுக்குப் போன் போடு" என்றாள்.

கிதே போனை எடுக்கவில்லை. முகம் சாம்பலாக இருந்தது. "பேரு தெரியுமா? ஊரு தெரியுமா? யாருன்னு சொல்லுவ? மத்தியானம் வரைக்கும் அவங்க இந்த ஊருலதான் இருப்பாங்க. போய் ஆளப் புடி." அவள் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து மறுபடியும் சொன்னான். "விஷம்னு மட்டும் சொல்லாத. கடை போயிரும். விலை கூடின வேர் மாறி விழுந்துருச்சுன்னு சொல்லு. குடுத்துருவாங்க."

அத்தனை வருஷத்தில் அவன் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். பேசாமலே இருந்திருக்கலாம்.

காட்சிக்கூடத்து வாசலில் இருந்த பெண் கூட்டம் போய் அரை மணியாகிறது என்றாள். உன்சில் பெரிய சாலையைக் குறுக்கே கடந்தாள். ஒரு டாக்சிக்காரன் தலையை வெளியே நீட்டி அவளுடைய அம்மாவைப் பற்றி அசிங்கமாகக் கேட்டான். மாதா கோயிலின் செங்கல் கோபுரங்கள் இரண்டும் வெயிலில் கண்ணைக் குத்தின. உள்ளே இருட்டும் குளிர்ச்சியுமாக இருந்தது. முன் வரிசையில் ஒரு ஊதாத் தொப்பி தெரிந்ததும் அவள் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"யாரு வேணும்?" என்றாள் ஊதாத் தொப்பி.

 அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. அந்தப் பெண்ணின் முகமே அவளுக்கு நினைவில்லை. அகட்டிப் பிடித்த பை நினைவிருக்கிறது, சிரிப்புச் சத்தம் நினைவிருக்கிறது. முகம் இல்லை. ஒரு நாளைக்கு முந்நூறு முகம் பார்க்கிறவளுக்கு எந்த முகம் தங்கும்?

"ரோஜா கலர்ல துணிப்பை வெச்சிருக்கற அக்கா உங்க கூட்டமா?"

"தல்லேவா? அவ முன்னாடி போயிட்டாளே. எனக்குக் கால் வலி, இங்கயே உக்காந்துட்டேன்."

பேர் கிடைத்துவிட்டது. தல்லே, தல்லே என்று முணுமுணுத்துக்கொண்டே உன்சில் தொண்ணூறு படியில் ஏறினாள். பாதியில் ஒரு ஜோடி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறினாள். நெஞ்சு அடித்த அடியில், நான் இங்கேயே விழுந்து செத்துப்போனால் அந்தப் பெண்ணிடம் யார் சொல்வார்கள் என்று ஒரு பயம் வந்தது. அந்தப் பயம்தான் மிச்சப் படிகளை ஏற்றியது.

குன்றின் மேல், கொடி படர்ந்த பழைய பாதிரி வீட்டின் நிழலில் வழிகாட்டி உட்கார்ந்து ஐஸ் குச்சி சப்பிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஐந்தாறு ஊதாத் தொப்பிகள். ரோஜாப் பை இல்லை. தல்லே எங்கே என்று உன்சில் அவரிடம் கேட்டாள்.

"மத்தவங்கள சந்தைக்கு அனுப்பிட்டேனே" என்றார். "ஒன்றரைக்குத்தான் பஸ். அதுவரைக்கும் அவங்கவங்க இஷ்டம். என்ன விஷயம்?"

சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில், வாயைத் திறந்து அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்க வேண்டும். உன்சிலின் நாக்கு கிதே சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னது. "ஒரு வேர் மாறிப் போயிருச்சு, சார். விலை கூடினது. கொசுறாப் போட்டுட்டேன்."

வழிகாட்டி ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருந்தார். அவர் சிரித்த சிரிப்பு குன்று முழுக்கக் கேட்டது. "கொசுறத் திருப்பி வாங்கறதுக்குத் தொண்ணூறு படி ஏறி வந்த முதல் ஆளு நீங்கதாம்மா!"

ஊதாத் தொப்பிகளும் சிரித்தன. சங்கத்துத் தலைவிக்கு அவர் போன் செய்து பார்த்தார். சந்தை இரைச்சலில் அவள் எடுக்கவில்லை. உன்சில் குன்றின் மறுபக்கம் இறங்கி ஓடினாள். 

சோமுன் சந்தையில் நாலாயிரம் கடை. போக் நாளன்று நாலாயிரம் கடையிலும் ஆள். தலைக்கு மேல் ஒற்றைத் தண்டவாள ரயில் நழுவிப் போனது. பாய்க்கடை, பட்டுக்கடை, காய்ந்த மீன், பொரித்த தட்டைக் கொழுக்கட்டை என்று ஒன்றன்பின் ஒன்றாக உன்சில் பார்த்துக்கொண்டே போனாள். ஊதா நிறம் எங்கே தெரிந்தாலும் அங்கே பாய்ந்தாள். ஒரு இடத்தில் அது குடை. இன்னொரு இடத்தில் கத்தரிக்காய்க் குவியல். மணி பன்னிரண்டரை. இன்னும் ஒரு மணி நேரத்தில் பேருந்து கிளம்பிவிடும். அதற்கப்புறம் முங்யோங் மலைக்குள் எந்த வீட்டு அடுப்பைத் தேடுவது?

குழந்தைத் துணி விற்கிற வரிசையில் ரோஜா நிறத் துணிப்பை தெரிந்தது. தல்லே விரல் நீளம்கூட இல்லாத ஒரு ஜோடிக் காலுறையைத் தூக்கிப் பிடித்து விலை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா! தல்லே அக்கா!"

"அட, மருந்துக்கடைக்காரம்மா! நீங்களும் சந்தைக்கு வந்தீங்களா?"

"அந்தக் கொசுறு... அக்கா, அதத் திருப்பிக் குடுங்க. மாறிப் போச்சு. அது ரொம்ப விலை கூடினது."

தல்லேயின் சிரிப்பு மெல்ல இறங்கியது. காலுறையைக் கீழே வைத்தாள். "என்ன சொன்ன?"

"அதுக்குப் பதிலா வேற வேர் ரெண்டு மடங்கு தர்றேன்..."

"கொசுறுன்னு குடுத்துட்டு, திருப்பிக் கேட்டுத் துரத்திட்டு வந்திருக்கியா?" தல்லே சுற்றிலும் பார்த்தாள். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் குரல் ஏறியது. "கேட்டீங்களா இந்தக் கூத்த? ஏழு மாசப் புள்ளத்தாச்சிக்குன்னு மனசாரக் குடுத்தான்னு நெனச்சேன். காசு போட்டு வாங்கினதக்கூடத் திருப்பிக் கேக்க நமக்கு வாய் கூசும். இந்தப் பொம்பள சும்மா குடுத்தத வந்து கேக்குது!"

காலுறைக்காரி சப்புக்கொட்டினாள். "தேகு பேரக் கெடுக்கறதுக்குன்னே கெளம்பி வந்திருக்கியாடி?"

"அது எங்கிட்ட இல்ல" என்றாள் தல்லே. "குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"எனக்குக் குடுத்தத நான் யாருக்குக் குடுத்தா உனக்கென்ன? போய் உன் கடையப் பாரு."

அவள் திரும்பி நடந்துவிட்டாள். ஊதாத் தொப்பி நாலைந்து தலைகளுக்கு அப்பால் மறையப் பார்த்தது. உன்சில் நின்ற இடத்திலேயே நின்றாள். கடை, பெயர்ப்பலகை, இருபத்தேழு வருஷம், கிதேயின் சாம்பல் முகம் எல்லாம் ஒரு விநாடி மனதில் வந்துபோனது. பிறகு அவள் கத்தினாள். அவ்வளவு பெரிய குரல் தனக்கு இருக்கிறது என்று அவளுக்கே அதுவரை தெரியாது.

"அது விஷம்! நாபிக் கிழங்கு! என் கையாலதான் போட்டேன்! தின்னா செத்துப்போவாங்க!"

 காலுறைக்காரியின் வாய் திறந்தபடி இருந்தது. தல்லே திரும்பி வந்தாள். அவள் உதட்டில் ரத்தமே இல்லை.

"நூடுல்ஸ்காரிக்குக் குடுத்தேன்" என்றாள். "எனக்கு ஒரு பிடி நூடுல்ஸ் சும்மா போட்டா. நான் வேற என்ன குடுக்கறது? பைய அவிழ்த்து அந்தப் பிடியத் தனியா அள்ளி... அவ பின்னாடி கோழி வேகுது, கடைப் பொம்பளைங்க மத்தியானம் குடிக்கறதுக்கு. அப்பவே அதுக்குள்ள போட்டுட்டா. இப்பத்தான். பத்து நிமிஷம்கூட ஆகல."

இரண்டு பேரும் ஓடினார்கள். நூடுல்ஸ் கடைச் சந்து நெடுகிலும் ஒரே மாதிரி நாற்பது அடுப்பு, ஒரே மாதிரி ஆவி, ஒரே மாதிரி சிவப்பு ஏப்ரன் கட்டிய பெண்கள்.

"எந்தக் கடை?"

"தெரியல! எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு!" தல்லே அழுதுகொண்டே ஓடினாள். "பல்லு ஒண்ணு தங்கம் அவளுக்கு! சிரிச்சா தெரியுது!"

சிரிக்கச் சொல்லியா கேட்க முடியும்? உன்சில் சந்து முழுக்கக் கேட்கும்படி "தங்கப் பல்லு யாரு? கோழிச் சாறக் குடிக்காதீங்க! விஷம்! குடிக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே ஒவ்வொரு அடுப்புக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நூடுல்ஸை வாயில் தொங்கவிட்டபடி நிமிர்ந்தார்கள். யாரோ ஒருவன் பைத்தியம் என்றான்.

கோடியில் ஒரு அடுப்பின் பின்னால் நாலு பெண்கள் கையில் கிண்ணத்தோடு குந்தியிருந்தார்கள். ஐந்தாவது பெண் பெரிய பானையிலிருந்து கரண்டியால் மொண்டுகொண்டிருந்தாள். இவள் கத்துவதைக் கேட்டு "என்னடி இது?" என்று அவள் வாயைத் திறந்தபோது தங்கம் மின்னியது.

பேச நேரமில்லை. உன்சில் பானையை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்தாள். கோழியும் சாறும் வேருமாகத் தரையில் ஓடியது. அவள் கணுக்காலில் கொதிக்கிற சாறு பட்டது; அது சுடுகிறது என்று அவளுக்கு நெடுநேரம் கழித்துத்தான் தெரிந்தது.

தங்கப் பல்லுக்காரியின் பெயர் போங்சுன். அந்தச் சந்தில் அவளிடம் யாரும் குரல் உயர்த்த மாட்டார்கள். அவள் உன்சிலின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்தாள். "என் கோழி! முழுசா ரெண்டு கோழிடி! யாருடி நீ?"

"குடிச்சீங்களா? யாராவது குடிச்சீங்களா?"

"எங்க குடிக்க விட்ட? உப்புப் பாக்க நான் ஒரு கரண்டி..." போங்சுன் நிறுத்தினாள். மயிரைப் பிடித்த கை தளர்ந்தது. நாக்கை நீட்டி உதட்டைத் தடவினாள். "என்னமோ மாதிரி இருக்கே. எறும்பு ஊருது. உதட்டுல... ஏய், எனக்கு உதடு எங்க இருக்குன்னே தெரியல."

அந்தப் பெரிய உடம்பு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தது. கையை நீட்டி எதையோ பிடிக்கப் பார்த்தது. கிடைத்தது உன்சிலின் கைதான்.

ஆம்புலன்ஸ் சந்துக்குள் நுழைய முடியாமல் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் கடைப் பெண்கள் தரையில் தவழ்ந்து சாற்றுக்குள்ளிருந்து கிழங்கு வில்லைகளைப் பொறுக்கி ஒரு காகிதக் கோப்பையில் போட்டிருந்தார்கள். தல்லே தன் போன் நம்பரை உன்சிலின் உள்ளங்கையில் பேனாவால் எழுதினாள். அவசரத்தில் எழுத்து கோணியது. அவளுடைய ஊர்க்காரிகள் வந்து அவளை இழுத்துக்கொண்டு பேருந்துக்குப் போனார்கள்.

வண்டிக்குள் போங்சுன் இரண்டு தடவை வாந்தியெடுத்தாள். மார்பில் ஒட்டிய கம்பிகள் ஒரு பெட்டியில் கோடு போட்டன. அந்தக் கோடு ஓடிக்கொண்டே வந்து நடுநடுவே தடுக்கி விழுந்தது. அது விழுந்தபோதெல்லாம் உன்சிலுக்கும் மூச்சு நின்றது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே இளம் டாக்டர் ஒருத்தி பிடித்துக்கொண்டாள். "என்ன வேர்?"

"நாபி. சுத்தி பண்ணாதது."

"எவ்வளவு?"

"ஒரு பிடி."

"ஒரு பிடின்னா? எத்தனை துண்டு?"

உன்சிலுக்குத் தெரியாது. எண்ணவில்லை. அவள் எப்போதும் எண்ணுவதில்லையே. காகிதக் கோப்பையை நீட்டினாள். அதில் ஐந்து இருந்தது. பானையில் விழுந்தது ஐந்துதானா? கொடுத்தது ஐந்துதானா? தல்லே ஒரு பிடியைத் தனியாக அள்ளினேன் என்றாள். இலந்தைக்கும் பட்டைக்கும் நடுவில் கலந்து கிடந்ததை முழுக்க அள்ளிவிட்டாளா? அதை அந்த அமளியில் யாரும் கேட்கவில்லை. முதலில் கேட்டிருக்க வேண்டியவள் கேட்கவில்லை. மிச்சப் பை அந்த ரோஜாப் பைக்குள் முங்யோங் போய்க்கொண்டிருக்கிறது.

நடைபாதையில் நின்று உள்ளங்கையைப் பார்த்து அந்த நம்பரை அழுத்தினாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. வியர்வையில் ஒரு எண் பாதி அழிந்திருந்தது. ஒன்றா ஏழா என்று பார்த்து இரண்டுக்கும் அடித்தாள். ஒன்றுக்கு எடுத்தது யாரோ ஒரு வாத்தியார். ஏழில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மூன்றரை மணிக்குக் கிதே வந்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னாலேயே ஒரு போலீஸ்காரர் குறிப்பேட்டோடு வந்தார். கிதே அவரைப் பார்க்காமல் உன்சிலிடம் நேராகச் சொன்னான். "காலைல நிறுத்தப்ப அறுநூறு கிராம். இப்ப பதினெட்டு குறையுது. ஒரு வில்லை மூணு கிராம்."

"ஆறு" என்றாள் உன்சில்.

"ஆறு."

இருவரும் கோப்பையைப் பார்த்தார்கள். மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் ஐந்துதான் இருந்தது.

"வேர மாத்திப் போட்டது யாரும்மா?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"என் கைதான்" என்றாள் உன்சில்.

"தட்ட அந்த எடத்துல வெச்சது நான்" என்றான் கிதே.  "விஷம்னு சொல்லாதேன்னு சொன்னதும் நான்தான். அதையும் எழுதிக்குங்க. இவ அங்கயே சொல்லியிருப்பா. நான்தான் வாயக் கட்டினேன்."

உன்சில் அவனைத் திட்டுவதற்காகக் காலையிலிருந்து என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தாள். அதையெல்லாம் அப்படியே விட்டாள். மறுபடி நம்பரை அழுத்தினாள். எட்டாவது தடவை. முங்யோங் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லச் சொன்னாள். தல்லே என்கிற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எப்படி வீட்டைக் கண்டுபிடிப்பது என்றபடியே போலீஸ்காரர் பேசப் போனார். வழிகாட்டியின் நம்பரைத் தேட, வாசலில் நின்ற இன்னொரு போலீஸ்காரர் போனார். கண்ணாடிக்கு அப்பால் போங்சுனின் பெட்டியில் கோடு இப்போது தடுக்காமல் ஓடியது. ஒரு கரண்டிதான், கொதித்ததும் கொஞ்ச நேரம்தான், பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனாள். உன்சிலால் அதற்குச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. ஆறாவது வில்லை எந்தப் பானையில் இருக்கிறதோ என்ற ஒரே நினைப்புதான் தலைக்குள் இருந்தது.

நாலு நாற்பதுக்குப் போன் அடித்தது.

"மருந்துக்கடையம்மாவா?" தல்லேயின் குரல். பின்னால் பாத்திரச் சத்தம். "போன் பைக்கு அடியில கெடந்துச்சு. இத்தன தடவ கூப்பிட்டிருக்கீங்க. அந்த அக்கா பொழச்சுட்டாங்களா?"

"அந்தப் பை! மிச்ச வேர் எங்க?"

"கெட்டத நான் தனியா அள்ளிட்டேனே. மிச்சம் நல்லதுதான். காசு குடுத்து வாங்கினத ஏன் வீணாக்கணும்னு கோழியோட போட்டு..."

"யாரு குடிச்சா?"

"இன்னும் யாரும் குடிக்கல. மக கிண்ணத்துல ஊத்தி ஊதி ஊதி ஆறவெச்சிட்டிருக்கா..."

"தட்டிவிடு! வாய்ல வெக்கவிடாத! தட்டிவிடுடி!"

போன் எங்கோ விழுந்தது. காலடி ஓடியது. பெயர் சொல்லி ஒரு அலறல். பிறகு கிண்ணம் உடைகிற சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. உன்சில் கிதேயின் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் அவன் தோலில் இறங்கியது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

வெகு நேரம். நடைபாதைக் கடிகாரத்தில் அது ஒரு நிமிஷம்கூட இல்லை.

போனை யாரோ எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

"உதட்டுல படல" என்றாள் தல்லே. "படவே இல்லையாம். கேட்டுட்டேன், நாலு தடவ கேட்டுட்டேன். பயந்து அழுதுட்டிருக்கா." கரண்டி பானையில் துழாவும் சத்தம் கேட்டது. இலந்தை, பட்டை, இலந்தை என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே எடுத்துவைத்தாள். பிறகு நிறுத்தினாள். "இருக்கு. வெள்ளையா ஒண்ணு. ஓரத்துல கறுப்பு."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். பானைய முழுக்கக் கவுத்துட்டேன்."

"ஆறு" என்றான் கிதே.

உன்சில் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே அலறினாள்; அந்தப் பக்கம் தல்லேயும் அவள் மகளும் அழுதார்கள். நர்ஸ் ஓடிவந்தாள். போலீஸ்காரர் குறிப்பேட்டை மூடிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பாலிருந்து கரகரத்த ஒரு குரல் கேட்டது.

"யாருடி அங்க ஒப்பாரி வெக்கறது? படுத்துக் கெடக்கறவ நானு. நான் இன்னும் சாகல. உள்ள வந்து அழு."

உன்சில் எழுந்து உள்ளே போனாள்.